ஆறாத கணுக்கால் சுளுக்கும் சத்திர சிகிச்சையும்

"பனியில் சறுக்கிக் கால் பிரண்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். மூன்று மாதமாகியும் நோ போகவில்லை." எம்மவர் பலர் இப்படிச் சொல்வதைக் கேட்கிறோம். எண்ணெய் பூசி உருவிவிட்டு, நோ மாத்திரையுடன் வேலைக்குப் போய்விடுகிறோம். இவ்வாறு நீடிக்கும் நோவுக்குக் குருத்தெலும்புச் சேதமும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

உள்ளே நடப்பது என்ன?

கணுக்கால் மூட்டுக்குள் தாலஸ் என்ற சிறிய எலும்பு இருக்கிறது. உடலின் பாரம் இதனூடாகவே பாதத்துக்கு இறங்குகிறது. இதன் மேற்பரப்பில் பாதிக்கு மேல் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். கால் பிரளும்போது தாலஸ் பக்கத்து எலும்புடன் மோதினால், குருத்தெலும்பும் அதன் கீழுள்ள எலும்பும் நசுங்கலாம். ஒரு துண்டு பெயர்ந்தும் போகலாம். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. எனவே தோலில் பட்ட காயம் போல அது இலகுவில் ஆறுவதில்லை.

அறிகுறிகள்

மூட்டின் ஆழத்தில் நோ, நடந்தபின் வீக்கம், மூட்டு இடையிடையே இறுகிப் பிடித்தல், கால் திடீரெனத் தளர்தல். எக்ஸ்ரேயில் இச்சேதம் தெரியாமல் போவதுண்டு. ஆறு கிழமைக்கு மேலும் நோ குறையாவிட்டால், எம்.ஆர்.ஐ. ஸ்கான் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

சிகிச்சை முறைகள்

துண்டு இடம் பெயராதிருந்தால் முதலில் ஓய்வும், காலை அசையாது வைக்கும் காப்பு பூட்ஸும், பிசியோதெரபியும்தான். வளரும் பிள்ளைகளுக்கு இவற்றாலேயே குணமாகும் வாய்ப்பு அதிகம். குணமாகாவிடில் சத்திர சிகிச்சை:

1. சிறிய சேதம்: சிறு துளைகளின் வழியே கமராவையும் கருவிகளையும் செலுத்தி, கெட்ட பகுதியைச் சுரண்டி, எலும்பில் நுண்துளைகள் இடுவார்கள். கசியும் மச்சை இரத்தம் உறைந்து, அதிலிருந்து புதிய இழையம் வளரும். இது அசல் குருத்தெலும்பு அல்ல, வடுப் போன்றது. ஆனாலும் பலருக்கு நோவைக் குறைக்கிறது.

2. புதிதாகப் பெயர்ந்த நல்ல துண்டு: சிறு திருகாணியால் மீண்டும் பொருத்துவார்கள்.

3. பெரிய சேதம்: பெரும்பாலும் முழங்காலிலிருந்து எலும்புடன் சேர்ந்த குருத்தெலும்புத் துண்டு ஒன்றை எடுத்துப் பதிப்பார்கள். இடத்தை அடைவதற்காகக் கணுக்காலின் உட்பக்க எலும்பை வெட்டித் திறந்து, பின் திருகாணியால் பூட்ட வேண்டியும் வரலாம்.

வீட்டுக்கு வந்த பின்

நாம் தவறுவது இங்கேதான். வெளிக்காயம் சிறியது; நோவும் குறைந்துவிடும். "இனி நடக்கலாம்" என்று மனம் சொல்லும். ஆனால் உள்ளே வளரும் இழையம் இன்னும் மென்மையானது. வைத்தியர் அனுமதிக்கும்வரை ஊன்றுகோலை விடாதீர்கள். இது சில கிழமைகள் நீடிக்கலாம். விளையாட்டுக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். புகைத்தல் எலும்பு ஆறுவதைத் தாமதிக்கும். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

திகதி குறிக்குமுன் கேட்க வேண்டியவை: எத்தனை கிழமை காலூன்றக் கூடாது? எப்போது வாகனம் ஓட்டலாம்? நின்று செய்யும் வேலைக்கு எவ்வளவு விடுப்பு வேண்டும்? மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளை மட்டும் நம்பிச் செல்ல வேண்டாம்.

சுளுக்குத்தானே என்று காலத்தைக் கடத்தாமல், உங்கள் குடும்ப வைத்தியரை நாடுவோம்.