வெளிநாட்டுப் படிப்பு: கையெழுத்து போடும் முன்னே கணக்குப் பார்ப்போம்



நம்ம குமரி மாவட்டத்துக்கு வெளிநாடு புதுசு இல்லை. கொத்தனார் வேலைக்கும், நர்ஸ் வேலைக்கும், மீன்பிடித் தொழிலுக்கும் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்காங்க. இப்போ பிள்ளைகள் படிக்கப் போகணும்னு கேக்குறாங்க. நல்ல ஆசைதான். ஆனால் "எல்லாம் ஏஜெண்டு பாத்துக்கிடுவாரு"ன்னு சொல்லி வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுக்கும் முன்னே, இந்தப் பாடத்தை ஒரு தடவை படியுங்கள்.

வேலை விசா வேறு, படிப்பு விசா வேறு

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டப் பதிவு கிடையாது. அதனால் போர்டு பெரிசா இருக்குன்னு மட்டும் நம்பக் கூடாது.

இன்னொன்று: பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவரே இணையதளம் வழியாக நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஏஜெண்டு கட்டாயம் இல்லை. வழி தெரியலன்னா உதவி கேக்கலாம். ஆனால் விண்ணப்பம் பிள்ளையோட சொந்த ஈமெயிலில், பாஸ்வேர்டு பிள்ளையோட கையில் இருக்கணும்.

கனடாவில் நடந்தது

ஏன் இதை அழுத்திச் சொல்றோம்? 2023ஆம் ஆண்டு கனடாவில் பல இந்திய மாணவர்களுக்கு, பெரும்பாலும் பஞ்சாப் பிள்ளைகளுக்கு, நாட்டை விட்டு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. ஏஜெண்டு வாங்கிக் கொடுத்த கல்லூரி சேர்க்கைக் கடிதம் போலி என்று தெரிய வந்ததுதான் காரணம். அங்கே போய் இறங்கியதும் "அந்தக் காலேஜில் இடம் இல்லை, வேற காலேஜில் சேருங்க" என்று ஏஜெண்டு சொல்லியிருக்கிறார். பிள்ளைகளும் வேறு கல்லூரியில் படித்து முடித்தார்கள். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஏமாந்த மாணவர்களை அனுப்ப மாட்டோம் என்று கனடா அரசு பிறகு சொன்னது. 2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் அந்த நாட்டு அரசே கல்லூரியிடம் கேட்டுச் சரிபார்க்கிறது.

கல்லூரிக்கு ஒரே ஒரு ஈமெயில் போட்டு "இந்தக் கடிதம் நீங்கள் கொடுத்ததா?" என்று கேட்டிருந்தால், புறப்படும் முன்னேயே உண்மை தெரிந்திருக்கும்.

கணக்கு போடுவோம்: ஜெர்மனி

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது என்பது சரிதான். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.

கட்டணம் இல்லாத இடத்துக்கும் செலவு உண்டு:

1. ஏபிஎஸ் சான்று: நம்ம சான்றிதழ்கள் உண்மை என்று காட்டும் சான்று. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு இது தேவை. கட்டணம் 18,000 ரூபாய்.

2. விண்ணப்பம்: பல பல்கலைக்கழகங்கள் யூனி அசிஸ்ட் என்ற அமைப்பு வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ.

3. முடக்கக் கணக்கு: பிள்ளையின் பேரில் 11,904 யூரோ வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும் (2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை). ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். இது யாருக்கும் கட்டும் கட்டணம் இல்லை. மாதம் 992 யூரோ வீதம் பிள்ளைக்கே திரும்பி வரும் சாப்பாட்டு, வாடகைக் காசு. இதைக் "கல்லூரிக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் உஷாராக இருங்கள்.

இதோடு ஆங்கிலத் தேர்வு, விசா, விமான டிக்கெட் செலவும் சேரும். பிளஸ் டூ மட்டும் முடித்த பிள்ளை பொதுவாக நேரே சேர முடியாது. பட்டம் முடித்து மேல்படிப்புக்குப் போவதுதான் நம்ம பிள்ளைகளுக்கு எளிய வழி. இன்ஜினியரிங் படித்தவர்கள் மதிப்பெண் விவரச் சான்றை அண்ணா பல்கலைக்கழகத்திலும், நம்ம பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் படித்தவர்கள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் நாளாகும். ஒரு வருஷம் முன்னாலேயே தொடங்குங்கள்.

கடன் எடுக்கும் முன்

வங்கிக் கல்விக் கடனில் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி அன்றே ஓடத் தொடங்கிவிடும். 12 லட்சம் கடனை மொத்தமாக எடுத்து, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். இரண்டு வருஷப் படிப்பு, அதன் பின் ஒரு வருஷம், ஆக 3 லட்சத்து 60 ஆயிரம் வட்டி மட்டும். தவணை தொடங்கும் அன்று கடன் 15 லட்சத்து 60 ஆயிரம்.

சிலர் "கணக்கில் பணம் இருப்பதாக நாங்க காட்டிக்கிடுறோம்" என்பார்கள். வேண்டாம். பொய்க் காகிதம் பிடிபட்டால் கனடா போன்ற நாட்டில் 5 வருஷம் நுழையத் தடை. அந்தத் தடை ஏஜெண்டுக்கு இல்லை, பிள்ளைக்கு. குழுக் கடனையும் சின்னக் கம்பெனிக் கடனையும் சேர்த்து இதற்குப் போடுவதும் வேண்டாம். வாரத் தவணை அடுத்த வாரமே வரும், பிள்ளையின் சம்பளம் வருஷம் கழித்துத்தான் வரும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வெளிநாட்டு உயர்கல்விக்கு அரசு உதவித்தொகை உண்டு. கடனுக்குப் போகும் முன் அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

டாக்டர் படிப்பு

வெளிநாட்டில் மருத்துவம் படித்து இங்கே டாக்டராக வேண்டுமானால் நீட் தேர்ச்சி கட்டாயம். 2021ஆம் ஆண்டு விதிப்படி படிப்பு ஆங்கிலத்தில், 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்கணும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வும் எழுதணும். "நீட் வேண்டாம், சீட் ரெடி" என்று சொன்னால், அந்தப் பட்டத்தை வைத்து இங்கே வைத்தியம் பார்க்க முடியாது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

ஊக்குநர் இந்த ஐந்து கேள்வியை வாசிக்கட்டும்:

1. சேர்க்கைக் கடிதம் உண்மையா என்று கல்லூரிக்கு நாமே எழுதிக் கேட்டோமா?
2. ஈமெயில், பாஸ்வேர்டு யார் கையில்?
3. பணம் பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகுதா, தனி ஆள் கணக்குக்கா? ரசீது இருக்கா?
4. அசல் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் வீட்டில் இருக்கா?
5. பிள்ளைக்கு அங்கே வேலை கிடைக்க ஆறு மாசம் தாமதமானால் தவணை எங்கிருந்து வரும்?

குழுவில் ஐநூறு ரூபாய் உள்கடன் கொடுக்கவே தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். பதினைந்து லட்சத்துக்கு அந்த அளவாவது விசாரிக்க வேண்டாமா? "உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு வீட்டில் சொன்னாலும் கேளுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து போடுவது நீங்கள்.