புறநானூற்றுக் கொடைநெறி: பண்பாட்டுப் படிமலர்ச்சி நோக்கு

முன்னுரை

தனக்கு இழப்பு நேரினும் உறவல்லாப் பிறர்க்கு மனிதர் உதவுவது ஏன் என்பது படிமலர்ச்சியியலின் நெடுநாள் வினா. குருதியுறவினர்க்குச் செய்யும் உதவியை வில்லியம் ஹாமில்டன் 1964இலும், கைம்மாறாகத் திரும்பிவரும் உதவியை ராபர்ட் டிரைவர்ஸ் 1971இலும் விளக்கினர். இவ்விரண்டிலும் அடங்காத ஒத்துழைப்பை, பண்பாட்டின் வழிக் கற்கப்படும் வழக்கங்களைக் கொண்டு விளக்கலாம் என்று ராபர்ட் பாய்டும் பீட்டர் ரிச்சர்சனும் 1985இல் வெளியிட்ட நூலில் காட்டினர். மதிப்பிற்குரியோரைப் பின்பற்றுதல், நெறி மீறுவோரை ஒதுக்குதல் ஆகிய இரண்டும் இத்துறையினர் பெரிதும் ஆராய்ந்த வழிமுறைகள். இவ்விரண்டும் புறநானூற்றில் இயங்குமாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொடை பெறுவோர்

புறநானூற்று 163ஆம் பாடலில், குமணனிடம் பெற்ற வளத்தைப் பகிர்ந்தளிக்குமாறு பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் கூறுகிறார். அன்பர், சுற்றத்தார், பசித்த காலத்தில் கடனாகக் கொடுத்தோர் என விரியும் பட்டியல், இன்னார்க்கு என்று பாராமல் எல்லார்க்கும் கொடு என முடிகிறது. முதலில் உறவு, அடுத்துக் கைம்மாறு, இறுதியில் இரண்டையும் கடந்த ஈகை என்று இவ்வரிசை அமைகிறது. தமக்கெனச் சேர்த்துவைத்தலைப் புலவர் விலக்குவதால், இறுதிநிலைக்கு உயிரியல் விளக்கங்கள் போதா.

கொடைக்குக் காரணம்

அக்காரணத்தை 134ஆம் பாடல் தருகிறது. ஆய் அண்டிரன் மறுமைப் பயன் கருதி அறத்தை விலைக்கு விற்பவன் அல்லன். சான்றோர் நடந்த வழி என்பதாலேயே கொடுக்கிறான் என்கிறார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். கொடை இங்குப் பிறவிக்குணமாகக் கூறப்படவில்லை. முன்னோரிடமிருந்து கற்ற வழக்கமாகக் கூறப்படுகிறது.

நெறி மீறினோர்

வழக்கம் நிலைக்க, மீறுவோர்க்கு இழப்பு நேர வேண்டும். 151ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் இளங்கண்டீரக்கோவைத் தழுவி, இளவிச்சிக்கோவைத் தழுவாது விடுகிறார். நன்னன் மரபினன் என்பதும், பாடுநர்க்குக் கதவடைத்த குடியினன் என்பதும் அவர் சுட்டும் காரணங்கள். அக்குடியின் மலையைப் பாடுவதையே புலவர் விலக்கிவிட்டனர் என்கிறார். இது ஒருவரின் சினமன்று. புலவர் குழுவினர் கூடி விதித்த தண்டனை. பழி வழித்தோன்றலையும் தொடர்வது இங்குக் கருதத்தக்கது.

புகழும் தன்னலமும்

புகழுக்காகக் கொடுப்பது மறைமுகத் தன்னலமன்றோ எனலாம். புகழெனின் உயிரையும் கொடுப்போரைக் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி 182ஆம் பாடலில் போற்றுகிறார். ஆயின், எச்செயல் புகழுக்குரியது என்பதைத் தனிமனிதர் வகுப்பதில்லை, சமூகமே வகுக்கிறது. குவித்துவைப்போனைப் போற்றாமல் கொடுப்போனைப் போற்றும் சமூகத்தில், புகழ்வேட்கையும் பொதுநலத்திற்கே துணையாகிறது. திருக்குறளில் ஒப்புரவறிதல், ஈகை என்னும் அதிகாரங்களை அடுத்துப் புகழ் வைக்கப்பட்டிருப்பதும் இத்தொடர்பை உணர்த்தும்.

முடிவுரை

இப்பாடல்களைப் பாடியோருள் பலர் பரிசில் பெற்று வாழ்ந்தோர். எனவே, அக்காலத்தார் எவ்வளவு கொடுத்தனர் என்பதற்கு இவை நேர்ச்சான்று ஆகா. எதனைக் கொடை என மதிக்கச் செய்தனர் என்பதற்கே சான்றாகும். சான்றோரை முன்மாதிரியாக நிறுத்தியதும், கொடாதோரைப் பாட்டிலிருந்து விலக்கியதும் பாடலே. ஆதலின், புறப்பாடல் கொடைநெறியின் பதிவாக மட்டும் அமையவில்லை. அந்நெறியைத் தலைமுறைகள்தோறும் கடத்திய கருவியாகவும் விளங்கியது.