டப்பாவின் அடியில் ஒரு எண்

எண்ணெய் வாங்குகிறோம். பாட்டிலில் வருகிறது. தயிர் வாங்குகிறோம். கப்பில் வருகிறது. இனிப்பு வாங்கினால் அதுவும் பிளாஸ்டிக் டப்பாவில்தான். உள்ளே இருந்தது தீர்ந்துவிடும். டப்பா மட்டும் மிஞ்சும். அதை என்ன செய்வது?

சிலர் சாக்கடையில் எறிகிறார்கள். சாக்கடை அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்குகிறது. கொசு பெருகுகிறது. சிலர் அடுப்பு மூட்ட அதைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை நஞ்சு. அடுப்படியில் இருக்கும் தாயும் குழந்தையும்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டில் வந்த திடக்கழிவு விதிகள், குப்பையைத் தெருவில் எறிவதையும் எரிப்பதையும் தடை செய்தன.

எண்ணைப் படியுங்கள்

டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். பல டப்பாக்களின் அடியில் சிறிய முக்கோணம் இருக்கும். அதற்குள் ஒரு எண் இருக்கும். அது விலை அல்ல. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று காட்டும் எண்.

1 - தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில். இவற்றிலிருந்து நூல் தயாராகிறது. தலையணைக்குள் அடைக்கும் பஞ்சும் தயாராகிறது.
2 - கெட்டியான எண்ணெய் கேன். இது குழாயாகவும் வாளியாகவும் மாறும்.
4 - பால் பாக்கெட் போன்ற மெல்லிய உறை.
5 - தயிர் கப், இனிப்பு டப்பா, ஓட்டலில் சாப்பாடு கட்டித் தரும் டப்பா.
6 - தெர்மோகோல் தட்டு. பழைய சாமான் கடையில் இதைப் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள்.

ஏன் வகை பிரிக்க வேண்டும்? எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே சூட்டில் உருகாது. கலந்து உருக்கினால் பொருள் உறுதியாக இருக்காது.

மும்பையில் தாராவி என்ற பகுதி உள்ளது. அங்கே சிறிய பட்டறைகள் நிறைய உண்டு. பழைய பிளாஸ்டிக்கை வகை வாரியாக, நிறம் வாரியாகப் பிரிக்கிறார்கள். துண்டு துண்டாக அரைக்கிறார்கள். கழுவி, கூரை மேல் காயவைக்கிறார்கள். பிறகு உருக்கிச் சிறு மணிகளாக வெட்டுகிறார்கள். அந்த மணிகளிலிருந்து புதிய பொருள்கள் பிறக்கின்றன.

கழுவிக் கொடுங்கள்

குழம்பு ஒட்டிய டப்பா நாறும். புழு வைக்கும். கடையில் கழித்துவிடுவார்கள். அரிசி கழுவிய தண்ணீரிலேயே அதை ஒருமுறை அலசலாம். காயவைத்து ஒரு சாக்கில் போடுங்கள். காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் அதில் சேர்க்க வேண்டாம். டப்பாவுக்குள் பிளேடையோ உடைந்த கண்ணாடியையோ ஒளித்து வைக்காதீர்கள். அதைத் திறந்து பிரிப்பதும் ஒரு மனிதரின் கைதான்.

பூச்சிமருந்து இருந்த டப்பாவை எவ்வளவு கழுவினாலும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

புனேயில் நடந்தது

புனே நகரில் பல பெண்கள் குப்பைத் தொட்டியில் கைவிட்டுப் பழைய பொருள் பொறுக்கிப் பிழைத்தார்கள். 1990-ஆம் ஆண்டு வாக்கில், முதியோர் கல்விப் பணி செய்தவர்கள் அவர்களிடம் வந்தார்கள். எழுத்தோடு நிற்காமல் பிழைப்பைப் பற்றியும் பேசினார்கள். "குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் நாங்கள் தொட்டியைக் கிளற வேண்டாம்" என்பது அந்தப் பெண்களின் கோரிக்கை. 1993-இல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பிறகு 'ஸ்வச்' என்ற கூட்டுறவுச் சங்கமும் வந்தது. 2008-இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கத் தொடங்கினார்கள். அதில் விலை போகும் பொருளை விற்று வரும் பணம் அவர்களுக்கே.

நாம் அலசிக் கொடுக்கும் ஒரு டப்பா ஒருவரின் கூலி. அழுக்கோடு எறியும் டப்பா அவருக்கு நோய்.

பழைய சாமான் கடைக்கு நீங்களே கொண்டு போனால், தராசைப் பாருங்கள். எடையை வாய்விட்டுப் படியுங்கள். கிலோ விலையைக் கேட்டு, நீங்களே பெருக்கிப் பாருங்கள். இதற்கும் சேர்த்துத்தானே படித்தோம்!

பயிற்சி
1. உங்கள் வீட்டு டப்பாக்களில் என்னென்ன எண்கள் உள்ளன? எழுதுங்கள்.
2. தெருவில் 30 வீடுகள். வீட்டுக்கு அரை கிலோ பிளாஸ்டிக் சேர்ந்தால் மொத்தம் எத்தனை கிலோ?
3. உங்கள் ஊரில் டப்பாக்களை எரிக்கிறார்களா? அதை எப்படி நிறுத்தலாம்? வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள்.