கிராஃப்டன் நீரேற்று நிலையம்: முக்கியக் குறிப்புகள்

• இடம்: இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டம். ரெடிங்கையும் பிரிஸ்டலையும் இணைக்கும் 87 மைல் நீள கென்னட்-ஏவான் கால்வாயின் கரையில் உள்ளது. கால்வாயின் பொறியாளர் ஜான் ரென்னி. 1810-இல் கால்வாய் முழுமையடைந்தது.

• ஏன் நீரேற்ற வேண்டும்? இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக நினைவில் நிற்கும். மேட்டைக் கடக்கும் ஒவ்வொரு படகும் நீர்ப்பூட்டுகள் (லாக்) வழியே ஏறி இறங்கும்போது, உச்சிப்பகுதித் தண்ணீர் இருபுறமும் கீழே போய்விடுகிறது. அதை ஈடுகட்டப் போதுமான நீர் அந்த உயரத்தில் கிடையாது. ஆகவே கீழிருந்து சுமார் 40 அடி உயர்த்தி, வாய்க்கால் வழியாக உச்சிக்கு அனுப்பினார்கள். 1836-இல் உருவான வில்டன் வாட்டர் நீர்த்தேக்கம் இதற்கு நீர் தருகிறது.

• இயந்திரங்கள் இரண்டு. முதலாவது 1812-இல் நிறுவப்பட்ட போல்டன்-வாட் பீம் எஞ்சின். ஒரு வீச்சுக்குச் சுமார் ஒரு டன் நீர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 வீச்சு. மற்றது 1846-ஐச் சேர்ந்தது. கார்ன்வாலின் ஹார்வி நிறுவனத் தயாரிப்பு.

• அதிகம் குழப்பும் இடம்: இன்றும் இயங்கக்கூடிய மிகப் பழைய நீராவி இயந்திரம் 1779-இன் ஸ்மெத்விக் எஞ்சின். அது பர்மிங்காம் அருங்காட்சியகத்துக்கு இடம் மாறிவிட்டது. கிராஃப்டனின் பெருமை வேறு: முதலில் நிறுவிய அதே கட்டடத்தில், அதே வேலையை இன்றும் செய்யக்கூடிய மிகப் பழைய பீம் எஞ்சின். இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

• அதே கால்வாயின் கிளாவர்ட்டன் நிலையம் நீர்ச்சக்கரத்தால் இயங்குவது, நீராவியால் அல்ல.

• வீழ்ச்சி: 1958-இல் புகைபோக்கியின் மேற்பகுதி பாதுகாப்பற்றதாகி அகற்றப்பட்டது. புகைபோக்கி குட்டையானால் காற்றிழுப்பு குறையும். கொதிகலனில் நெருப்பு சரியாக எரியாது. நீரேற்றும் பணி மின்பம்புகளுக்குப் போனது.

• மீட்பு: 1968-இல் கென்னட்-ஏவான் கால்வாய் அறக்கட்டளை நிலையத்தை வெறும் 75 பவுண்டுக்கு வாங்கியது. பழுதுபார்த்தவர்கள் தன்னார்வலர்கள். 1970-இல் முதல் எஞ்சின் மீண்டும் ஓடியது. திறந்துவைத்தவர் கவிஞர் ஜான் பெட்ஜமன் (1972-இல் அரசவைக் கவிஞரானார்). மறு ஆண்டு 1846 எஞ்சினும் உயிர்பெற்றது. புகைபோக்கி 1990-களில் பழைய உயரத்துக்குக் கட்டப்பட்டது.

• இன்றைய நிலை: நீராவி ஓட்டும் நாட்களில் தன்னார்வலர்களே லங்காஷயர் வகைக் கொதிகலனுக்கு மண்வாரியால் நிலக்கரி அள்ளிப் போடுகிறார்கள். எஞ்சினைக் கிளப்பும்போது ஓட்டுநர் நெம்புகோல்களைக் கையால் இயக்கித்தான் வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். நெருப்பை எப்போது கிளறுவது, வீச்சு எப்போது தடுமாறுகிறது என்பதெல்லாம் பழகியவர் பக்கத்தில் நின்றே கற்க வேண்டியவை. இரும்பைக் காப்பதைவிட இந்தக் கைப்பழக்கத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதே அவர்கள் செய்யும் பெரிய வேலை என்பேன். இது வெறும் செய்முறைக் காட்சி அல்ல: அந்நாட்களில் மின்பம்பை நிறுத்திவிட்டு, கால்வாய்க்கு வேண்டிய நீரை இந்த எஞ்சின்களே ஏற்றுகின்றன.