கீழாநெல்லியும் மாமாவின் மஞ்சள் கண்ணும்



மூலிகை என்றதும் நமக்குத் துளசி, கற்பூரவள்ளி, வேப்பிலை என்றுதான் ஞாபகம் வரும். இந்த முறை நான் எடுத்துக்கொண்டது யாரும் நட்டு வளர்க்காத ஒரு செடி. உங்கள் வீட்டு ரோஜாத் தொட்டியில், சிமெண்டுத் தரையின் விரிசலில், கால்வாய் ஓரத்தில் தானாகவே முளைத்து நிற்கும். களை என்று பிடுங்கி எறிந்துவிடுவோம். அதுதான் கீழாநெல்லி.

நான் மருத்துவம் படிப்பவன் இல்லை. இயந்திரப் பொறியியல், மூன்றாம் ஆண்டு. இருந்தாலும் இந்தச் செடியைப் பற்றி எழுத எனக்கு ஒரு கடமை இருக்கிறது. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

செடியைத் தெரிந்துகொள்வோம்

ஒன்று, ஒன்றரை அடி உயரம்தான் வளரும். புளிய இலை மாதிரி சின்னச் சின்ன இலைகள் இரண்டு வரிசையாக இருக்கும். பொழுது சாய்ந்தால் மடங்கிக்கொள்ளும். ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்குக் கீழே மிளகைவிடச் சிறிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். நெல்லிக்காயைச் சுருக்கி ஒட்டியது போல இருக்கும். கீழே காய்க்கும் நெல்லி என்பதால் கீழ்க்காய்நெல்லி; அதுவே கீழாநெல்லி ஆனது.

நம் முன்னோர் சும்மா பெயர் வைக்கவில்லை. பெரிய நெல்லிமரமும் இந்தச் சின்னச் செடியும் 'பிலாந்தஸ்' என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்றுதான் இன்றைய தாவரவியலும் சொல்கிறது. மலாய்க்காரர்கள் இதை 'டுக்கோங் அனாக்' என்கிறார்கள். முதுகில் பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். சீனர்கள் இந்த வகைச் செடியை 'இலைக்கடியில் முத்து' என்று அழைக்கிறார்கள். மூன்று இனமும் ஒரே கிளையைத் திருப்பிப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறது!

இதே மாதிரி சிவந்த தண்டும் சொரசொரப்பான காயும் உள்ள இன்னொரு செடி உண்டு. அது சிவப்புக் கீழாநெல்லி. பாட்டி அதைத் தொடமாட்டார்.

பாட்டி வைத்தியத்தில்

சித்த மருத்துவத்தில் கீழாநெல்லி என்றாலே முதலில் வருவது மஞ்சள் காமாலை. வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் சேர்த்துச் 'சமூலம்' என்பார்கள். அதைக் கழுவி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுப்பார்கள். உப்பு, எண்ணெய், புளி தள்ளிப் பத்தியம் இருக்கவேண்டும். உடல் சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் கொடுப்பதுண்டு. உப்பு சேர்த்து அரைத்துச் சொறி, சிரங்குக்குப் பூசுவார்கள். இதன் கசப்போடு தொடர்புள்ள 'பிலாந்தின்' என்ற பொருளை விஞ்ஞானிகளும் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

எங்கள் தாமானில் பாட்டிக்கு நல்ல பெயர். அவர் கொடுத்த மருந்தில் காமாலை இறங்கியவர்கள் மூன்று பேர் எனக்கே தெரியும்.

நான் செய்த தவறு

நான் மெட்ரிகுலேஷன் முடித்து வீட்டில் இருந்த சமயம். லாரி ஓட்டும் என் மாமாவுக்குக் கண் மஞ்சளானது. அத்தை கிளினிக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். பாட்டி, "ஏழு நாள் குடு, எறங்கிடும்" என்றார். மாமாவுக்கும் ஆஸ்பத்திரி என்றால் பயம். அத்தை என்னைப் பார்த்து, "நீ படிச்ச புள்ள, நீ சொல்லு" என்றார்.

நான் கைப்பேசியில் தேடினேன். கீழாநெல்லி ஈரல் நோயைக் குணப்படுத்தியதாக ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. "அறிவியலே ஒத்துக்கிடுச்சி அத்தே, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். தினமும் காலையில் செடியைப் பிடுங்கிக் கொடுத்ததும் நான்தான்.

ஒன்பதாம் நாள் ராத்திரி மாமாவுக்கு உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர்காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்தார்கள். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு கல், பித்தநீர் இறங்கும் குழாயை அடைத்திருந்தது. அதில் கிருமி தொற்றி ரத்தத்திலும் கலந்துவிட்டது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினார்.

டாக்டர் கேட்டபோதுதான் தெரிந்தது: பல நாளாகவே மலம் வெளுத்துப் போயிருந்ததாம், உடம்பெல்லாம் அரித்ததாம். வெட்கப்பட்டு மாமா யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பாட்டி நடைபாதையில் உட்கார்ந்து, "பெத்த புள்ளைக்கு என் கையாலேயே..." என்று அழுதார். தப்பு பாட்டியுடையது மட்டும் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னது நான்.

மஞ்சள் ஒரு நோய் இல்லை

ஓடும் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்வோம்? எண்ணெய் குறைந்ததா, என்ஜின் சூடானதா, பேட்டரி கோளாறா என்று பார்ப்போம். விளக்கின் மேல் டேப் ஒட்டமாட்டோம். கண் மஞ்சளாவதும் அப்படி ஒரு விளக்குதான்.

நம் ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிர் வாழும். அவை சிதையும்போது 'பிலிருபின்' என்ற மஞ்சள் பொருள் உண்டாகும். கல்லீரல் அதைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். இந்தப் பாதையில் மூன்று இடத்தில் கோளாறு வரலாம்.

ஒன்று, சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் சிதைவது. இரண்டு, கல்லீரலே கெடுவது. ஹெப்படைட்டிஸ் கிருமிகள், மது, சில மருந்துகள், நீர்வீழ்ச்சிக்குப் போய்க் குளிக்கும் நாம் கவனிக்கவேண்டிய எலிச் சிறுநீர்க் காய்ச்சல் எல்லாம் இதில் வரும். மூன்று, மாமாவுக்கு வந்தது போல வெளியேறும் குழாய் அடைபடுவது. அந்தக் கல்லை எந்தக் கசாயமும் அசைக்காது.

அப்படியென்றால் பாட்டியிடம் குணமான மூன்று பேர்? ஹெப்படைட்டிஸ் ஏ வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். அவர்களுக்கு வந்தது அதுவாக இருந்தால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம்.

நான் பார்த்த ஆய்வு

பிறகுதான் அதை முழுதாகப் படித்தேன். அது 1988-இல் வெளியான சென்னை ஆய்வு. ஹெப்படைட்டிஸ் பி கிருமியை உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் இந்த ஆய்வில் பங்கெடுத்தவர். உலகமே நம் செடியைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் பிறகு தாய்லாந்து போன்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு சோதனை ஒரு தடவை வெற்றி பெற்றால் போதாது என்று எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் தலைப்பை மட்டும் படித்துவிட்டு அத்தைக்குத் தைரியம் சொன்னேன். அந்த ஆய்வு பேசியது ஒரு கிருமியைப் பற்றி. மாமாவுக்கு இருந்தது கல்.

மனத்தில் வைக்க வேண்டியவை

• கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல், வயிற்று வலி, வெளுத்த மலம், புத்தி தடுமாற்றம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.
• பிறந்த குழந்தைக்கு மஞ்சள் இருந்தால் எந்த மூலிகையும் வேண்டாம். அளவு கூடினால் மூளையைப் பாதிக்கும்.
• கர்ப்பிணிகளும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் கீழாநெல்லி எடுக்கக்கூடாது.
• ரோட்டோரம், செம்பனைத் தோட்டம் போன்ற மருந்து அடிக்கும் இடங்களில் பறிக்காதீர்கள்.
• கடையில் மாத்திரையாக வாங்கினால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.
• மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. நம் அப்பா அம்மா காலத்தில் அது இல்லை. அவர்களைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்யச் சொல்கிறார். ஆகவே பரிசோதனை செய்வது பாட்டி வைத்தியத்துக்கு எதிரானது இல்லை. நம் மரபே கேட்கும் முதல் படி அது. நம்மில் பலர் அந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகச் செடிக்குப் போய்விடுகிறோம்.

பாட்டி வீட்டுத் தொட்டியில் கீழாநெல்லி இன்னும் இருக்கிறது. இப்போதும் யாராவது கேட்டு வருவார்கள். பாட்டி அவர்களை உட்காரவைத்து முதலில் கேட்பது, "ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சா? வெளிக்கு எந்த நெறத்துல போவுது?" என்றுதான். பதில் சரியாக இல்லையென்றால் செடி கிடையாது. கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போக என்னைத்தான் கூப்பிடுவார்.

இந்த வாரம் உங்கள் வீட்டுத் தொட்டியில் ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். பெரியவர்களிடம் அதன் பயனைக் கேட்டு எழுதி வையுங்கள். கூடவே, அது எதற்கு உதவாது என்பதையும் எழுதி வையுங்கள்.