தொலைதூர மத்திய அலைக்கு எந்தக் கையடக்க ரேடியோ?

ரேடியோ வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பேண்டுகளை எண்ணுகிறார்கள், இழுத்து நீட்டும் ஏரியலின் நீளத்தைப் பார்க்கிறார்கள். மத்திய அலையில் தொலைதூர நிலையங்களைக் கேட்க இவை இரண்டுமே பயன்படா. அந்த ஏரியல் பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலையை வாங்குவது பெட்டிக்குள் படுத்திருக்கும், கம்பி சுற்றிய ஃபெரைட் ராட்தான். பகலில் வளிமண்டலத்தின் டி அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடுகிறது. பொழுது சாய்ந்து அது கலைந்ததும், மேலுள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்குகின்றன. சில இரவுகளில் ஆயிரத்தையும் தாண்டும். வந்து சேரும்போது அவை மிகவும் மெலிந்திருக்கும். குட்டையான ராடில் அந்த மெலிந்த சிக்னல் ரேடியோவின் சொந்த இரைச்சலுக்கு அடியில் போய்விடுகிறது. அதன்பின் எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலும் கூடவே பெருகும். அதனால் சட்டைப்பையில் அடங்கும் ரேடியோக்களை இந்தத் தேர்விலிருந்து முதலிலேயே விலக்கிவிடலாம். ஒரு கையில் பிடிக்க முடிகிற அளவுக்குள், உள்ளே நீளமான ராட் உள்ளதைத் தேடுவதே சரியான வழி.

அந்த அளவில் இன்று கவனிக்க வேண்டியவை மூன்று: டெக்சன் பிஎல்-310இடி, டெக்சன் பிஎல்-330, எக்ஸ்எச்டேட்டா டி-808. மூன்றும் சிக்னலை எண்முறையில் கையாளும் டிஎஸ்பி சிப்பில் இயங்குபவை. டி-808 சற்றே பெரியது, ராடும் மற்ற இரண்டையும்விட நீளம்; மெலிந்த நிலையங்களில் அந்த வேறுபாடு காதுக்குத் தெரியும். மத்திய அலைக்காகவே வாங்குகிறவருக்கு என் முதல் தேர்வு அதுதான். பிஎல்-310இடியின் பலம் எளிமை. சாதாரண ஏஏ செல் மூன்று போதும். சிக்னலின் வலிமையும் இரைச்சலுக்கு மேல் அது எவ்வளவு நிற்கிறது என்பதும் திரையில் எண்ணாகவே தெரியும். ரேடியோவை எந்தப் பக்கம் திருப்புவது என்று பழக அந்த எண்களைப் போல உதவுவது வேறில்லை. பிஎல்-330 சிறியது, பயணத்துக்கு நல்லது, சிற்றலையில் கெட்டி. ஆனால் மத்திய அலையில் ராடின் நீளக் குறைவை மற்ற வசதிகளால் ஈடுகட்ட முடிவதில்லை. எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதி அதிலும் டி-808இலும் உண்டு, 310இடியில் இல்லை. ஓர் அலைவரிசையில் பேச்சே கேட்காதபோதும் அங்கே ஏதோ ஒரு நிலையம் இருக்கிறது என்பதை எஸ்எஸ்பியில் எழும் சீழ்க்கை காட்டிக்கொடுக்கும்.

பழைய அனலாக் ரேடியோவே மேல் என்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ராடை வெளியே வைத்துச் சுழற்றும்படி அமைந்த பானசோனிக் ஆர்எஃப்-2200 இன்றும் பல புது ரேடியோக்களைத் தோற்கடிக்கும். டிஎஸ்பி சிப்புகளில் சிக்னல் மெலியும்போது ஒலியே அமுங்கிவிடும் குறையும் உண்டு. ஆனால் ஆர்எஃப்-2200 கையடக்கமல்ல. பழைய பொருள் எந்த நிலையில் கிடைக்கும் என்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மேலும், சென்னையில் 720 கிலோஹெர்ட்ஸ் உள்ளூர் நிலையம் முழங்க, அடுத்திருக்கும் 729இல் குவாஹாட்டியைத் தேடுகிறவருக்குத் தேவை குறுகிய ஃபில்டர். 310இடியிலும் டி-808இலும் அதை 1 கிலோஹெர்ட்ஸ் வரை குறுக்கலாம். குறுக்கும்போது குரல் மங்கும். 2 அல்லது 3 கிலோஹெர்ட்ஸில் நிறுத்துவது பெரும்பாலும் போதும். அதோடு, ராடின் முனையை உள்ளூர் நிலையத்தின் திசைக்கு நீட்டினால் அது கிட்டத்தட்ட அமுங்கிவிடும். கேட்க விரும்பும் நிலையத்துக்கு ராட் குறுக்காக இருக்க வேண்டும். ரேடியோவைக் கையில் எடுத்துத் திருப்ப முடிவதுதான் கையடக்கத்தின் உண்மையான லாபம்.

வலுவான இன்னொரு மறுப்பு: எல்இடி விளக்கும் இன்வெர்ட்டரும் செல்போன் சார்ஜரும் இரைகிற வீட்டில் நீள ராட் அந்த இரைச்சலையும் சேர்த்துத்தானே வாங்கும்? வாங்கும். அப்படிப்பட்ட வீட்டில் ராடின் நீளத்தைவிட இடமாற்றம் பெரிது; மொட்டை மாடிக்குப் போனால் அதே ரேடியோ வேறு ரேடியோவாகிவிடும். ஆனால் அங்கே போனபின், இரைச்சல் அடங்கிய அந்த இடத்தில்தான் நீள ராடின் மதிப்பு முழுதாகத் தெரிகிறது. மாடிக்குப் போக முடியாதவர் டெக்சன் ஏஎன்-200 போன்ற வளைய ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்து, கம்பி எதுவும் இணைக்காமல் ரேடியோவை அருகே வைத்தாலே சிக்னல் கூடும். அப்படியானால் எந்தக் குட்டி ரேடியோவும் போதாதா என்றால், ஓரளவு போதும். ஆனால் ஒவ்வொரு அலைவரிசைக்கும் வளையத்தைத் தனியாக டியூன் செய்ய வேண்டும். நிலையம் நிலையமாகத் தேடுகிற ஆளுக்கு அது சீக்கிரம் அலுத்துவிடும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நம் பகுதியில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன, அமெரிக்காவில் 10. ரேடியோ 10இல் அமைந்திருந்தாலும் 720இல் சென்னை கேட்கும், ஏனெனில் 720 இரண்டு வரிசையிலும் வருகிற எண். அதனால் 720ஐ வைத்துச் சோதிக்கக் கூடாது. திருச்சியின் 936ஐத் தேடிப் பார்க்க வேண்டும். ரேடியோ 930இலிருந்து 940க்குத் தாவினால் அமைப்பை 9க்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற எதையும் மதிப்பிட வேண்டும். இலங்கைப் புத்தளத்தின் 882 போன்ற பலத்த நிலையங்கள் ரேடியோவின் திறனைச் சோதிக்க ஆகா. அவற்றைச் சாதாரண ரேடியோவே இரவில் பிடித்துவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, கேட்டும் கேட்காமலும் வருகிற ஒரு நிலையத்தில் புதிய ரேடியோவையும் ஏற்கெனவே கையிலுள்ள ஒன்றையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்க வேண்டும்.