ஒரு தாள் தடிமன், பத்து சென்டிமீட்டர் பிழை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



தலைப்பைப் பார்த்து ஏதோ கணக்குப் புதிர் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வேட்டைத் துப்பாக்கியின் மேல் ஸ்கோப் என்கிற தொலைநோக்கியைப் பொருத்துவது பற்றித்தான் எழுதப் போகிறேன். "துப்பாக்கிக்கும் நம்ம டிப்ளமாவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் நம் நாட்டில் வேட்டைக்குக் கதவைச் சாத்திவிட்டன. சாத்தியதும் நல்லதுதான். ஆனால் அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் மான் வேட்டைக்குப் போகிறார்கள். அவர்கள் துப்பாக்கியில் நடப்பது முழுக்க நம் ஒர்க் ஷாப் பாடம்: மரை, உராய்வு, பொருத்தம், அளவு.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 20 செ.மீ. வட்டம். நடுவில் குறி வைத்தால் எந்தப் பக்கமும் 10 செ.மீ. வரை தவறலாம். அதைத் தாண்டினால் மான் உடனே சாகாது. குண்டுக் காயத்தோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் இரவெல்லாம் கிடந்து சாகும்.

இப்போது கணக்கு. ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு ரிங்குகளுக்கு நடுவில் 100 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரிங்கின் அடியில் நம் ரெக்கார்ட் நோட்டுத் தாள் ஒன்றை, அதாவது 0.1 மி.மீ., செருகினால் சாய்வு ஆயிரத்தில் ஒன்று. 100 மீட்டர் தூரத்தில் அதுவே 10 செ.மீ. ஆகிவிடும். சர்வே பிராக்டிகலில் லெவல் கருவியின் பார்வைக்கோடு கொஞ்சம் சாய்ந்தாலே ஸ்டாஃப் ரீடிங் கெட்டுப்போகுமே, அதே கதைதான்.

சாய்வு நிலையாக இருந்தால் பரவாயில்லை. ஸ்கோப்பின் குமிழைத் திருகிச் சரிசெய்யலாம். வழக்கமான குமிழில் ஒரு கிளிக் என்பது கால் மினிட் கோணம், 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ.; பதினாலு கிளிக்கில் அந்தத் தாளின் பிழை போய்விடும். ஆடிக்கொண்டே இருக்கும் ஸ்கோப்பை எத்தனை கிளிக் திருகினாலும் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு வெடிக்கும் பிழை வேறு இடத்தில் நிற்கும். பொருத்துகிற வேலை முழுவதும் இந்த ஆட்டத்தை ஒழிப்பதற்குத்தான்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது? 10 கிராம் குண்டு 850 மீட்டர் வேகத்தில் வெளியே போனால், மூன்றரை கிலோ துப்பாக்கி விநாடிக்கு சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். வெடிமருந்து வாயுவின் தள்ளலைச் சேர்த்தால் இன்னும் கூடும். இதற்கு ஆகும் நேரம் ஒரு மில்லிவிநாடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 400 கிராம் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு சேர்த்து இழுத்துவர 800 நியூட்டன் வேண்டும். கிட்டத்தட்ட 80 கிலோ எடை! நம் விடுதி மெஸ் மாஸ்டர் ஸ்கோப்பின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி. (அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.) இந்த விசையைத் தாங்குவது சின்னச் சின்னத் திருகாணிகளின் பிடிப்பு.

டவுன் பஸ் திடீரென்று புறப்பட்டால் நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? இங்கே துப்பாக்கி பின்னால் பாய்கிறது, ஸ்கோப் அதன் மேல் முன்னால் நழுவப் பார்க்கிறது. அதனால்தான் ரிங்கின் குறுக்கு போல்ட்டைப் பள்ளத்தில் வைத்ததும் ரிங்கை முன்பக்கம் தள்ளி, பள்ளத்தின் முன்சுவரில் முட்டவைத்து, அப்புறம் இறுக்க வேண்டும். பின்னால் இடைவெளி இருக்கலாம், முன்னால் கூடாது. இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். பள்ளமும் இரண்டு வகை: வீவர் வகையில் அகலம் 4.57 மி.மீ., பிகாட்டினி வகையில் 5.23 மி.மீ. வீவர் ரிங் பிகாட்டினியில் உட்காரும். பிகாட்டினிக்கென்று செய்த தடித்த போல்ட் வீவரில் உட்காராது. லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி வேலை. முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடவேண்டும். பேஸின் திருகாணிகளையும் துளைகளையும் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கவேண்டும். இரண்டு ரிங்கும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஸ்கோப் குழாய் வளையும். ஒரு நேரான தண்டில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி ரிங்குகளுக்குள் முன்னும் பின்னும் தேய்த்தால், தொடும் இடம் பளபளப்பாகத் தெரியும். பரப்பில் முக்கால்வாசி பளபளத்தால் போதும். ஃபிட்டிங்கில் புளூ தடவிப் பார்ப்போமே, அது மாதிரிதான்.

ஸ்கோப்பை ரிங்கில் தளர்வாக வைத்து, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, அப்புறம் கண்ணைத் திறக்கவேண்டும். வட்டம் முழுசாகத் தெரியும்வரை ஸ்கோப்பை நகர்த்தவேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 75 முதல் 100 மி.மீ. இருக்கவேண்டும். நெருங்கினால் பின்னுதைப்பில் புருவத்தில் பிறை மாதிரி வெட்டு விழும். பிறகு குறுக்குக்கோடு செங்குத்தாக நிற்கவேண்டும். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நிறுத்தி, தூரத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலோடு கோட்டைச் சேர்த்தால் வேலை முடிந்தது. 3 டிகிரி சாய்ந்துவிட்டால், குண்டின் இறக்கத்துக்காக ஒரு மீட்டர் உயர்த்திக் குறிவைக்கும்போது 5 செ.மீ. பக்கவாட்டில் விலகும்.

கடைசியாக முறுக்கு. ஒர்க் ஷாப்பில் அலுமினியத் துண்டில் எம்.4 ஸ்குரூவை "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கி மரையைப் பிடுங்கியவன் நான், அதனால் அனுபவத்தோடு சொல்கிறேன். ரிங் திருகாணிக்கு வழக்கமாக 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் போதும். 20 செ.மீ. கம்பியின் முனையில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அவ்வளவுதான். தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஆலன் கீயின் நீண்ட கையைப் பிடித்து இழுத்தால் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம், குழாய் நசுங்கும். கார் சக்கர நட்டு மாதிரி எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பூட்டுப் பசையை பேஸ் திருகாணிக்குப் போடலாம். ரிங் திருகாணிக்கு வேண்டாம், மரை வழுக்கி, அதே முறுக்கில் பிடிப்பு அதிகமாகிவிடும்.

பிறகு போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே தூரத்துப் புள்ளியைப் பார்த்து, துப்பாக்கி அசையாமல் குறுக்குக்கோட்டையும் அதே புள்ளிக்குக் கொண்டுவரவேண்டும். 25 மீட்டரில் சுட்டுத் திருத்தி, பின் 100 மீட்டர். ஒரு குண்டைப் பார்த்துக் குமிழைத் திருகக் கூடாது. மூன்று சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்துத் திருகவேண்டும். எல்லாம் சரியானதும் திருகாணித் தலைக்கும் ரிங்குக்கும் சேர்த்து நகப்பூச்சில் ஒரு கோடு. இருபது குண்டு சுட்ட பிறகு அந்தக் கோடு உடைந்திருந்தால், திருகாணி நகர்ந்திருக்கிறது. கழற்றி, துடைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான்.